பிரிந்து சென்ற பந்துவீச்சாளர்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலே, நகருக்கு வடக்கே, கடலோரமாக அமைந்த ஊர் சாம்பல்தீவு. மாலையில் வெயில் தணிந்தவுடன் இளைஞர் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுவர். பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருள் சூழ்ந்தபின் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டத்தைப் பற்றிய பேச்சோ நிற்பதில்லை. பங்குனி முதல் வைகாசி வரை இந்தியாவிலே ஐ.பி.எல். போட்டிகள் நடைபெறும் நாள்களில் அப்பேச்சு வாதமாகவே மாறிவிடும். ஒருவர் சென்னை அணியின் பக்கம் நிற்பார்; மற்றொருவர் பெங்களூர் அணியின் பக்கம் நிற்பார்; இன்னொருவர், எந்த அணியில் இலங்கை வீரர் ஆடுகிறாரோ அதுவே தம் அணி என்பார்.

இவ்வாதங்களுள் ஆண்டுதோறும் தவறாமல் எழுவது ஒன்றுண்டு. ஓர் அணியிலே இருந்தபோது சோபிக்காத பந்துவீச்சாளர் ஒருவர், அவ்வணியை விட்டு நீங்கியதும் வேறோர் அணியிலே விக்கெட்டுகளைக் குவிக்கிறார். “அவரை விட்டது பெரிய பிழை, மச்சான்” என்பார் ஒருவர். “எங்களிடம் இருந்தபோது ஏன் இப்படி வீசவில்லை? அவருக்கு மனமில்லை” என்பார் மற்றவர். முதலாமவர் அணியை நடத்துவோரைக் குறை கூறுகிறார். இரண்டாமவர் வீரரைக் குறை கூறுகிறார். எவரோ ஒருவர் குற்றவாளி என்பதில் மாத்திரம் இருவருக்கும் ஐயமில்லை. அப்படி ஒரு குற்றவாளி இருந்தே தீரவேண்டுமா என்பதுதான் ஆராயத்தக்க கேள்வி.

வீரர்கள் அணி மாறுவது எவ்வாறு என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். 2008 ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.பி.எல். போட்டியிலே வீரர்கள் ஏலத்தின் மூலம் அணிகளுக்குச் சேர்கின்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேரேலம் நடைபெறும். அப்பொழுது ஓர் அணி தன் வீரர்களுள் மிகச் சிலரையே நிறுத்திக்கொள்ளலாம். 2022 ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன்னர், பழைய அணிகள் ஒவ்வொன்றும் நான்கு பேருக்கு மேல் நிறுத்திக்கொள்ள விதி இடந்தரவில்லை. ஏனையோர் அனைவரும் ஏலத்துக்குச் செல்லவேண்டியவர்களே. களத்தில் இறங்கும் பதினொருவருள்ளும் வெளிநாட்டவர் நால்வருக்கு மேற்படக் கூடாது. ஆகவே ஒருவர் விடுவிக்கப்பட்டார் என்பதனாலேயே அவர் வேண்டாதவர் என்று கருதப்பட்டார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. நாலு பேர் இருக்கக்கூடிய திண்ணையிலே ஐந்தாமவர் நிற்கத்தான் வேண்டும்.

இனி, வாதத்திலே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இருவரின் வரலாற்றை நோக்குவோம். இருவரும் சுழற்பந்து வீச்சாளர். இருவரின் கதையும் கொல்கத்தா அணியிலே ஒன்றையொன்று சந்திக்கின்றது.

முதலாமவர் சென்னையைச் சேர்ந்த வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை பயின்று அத்துறையிலே தொழில் புரிந்தபின் மீண்டும் கிரிக்கெட்டுக்கு வந்தவர். 2018 ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டிகளிலே, எப்பக்கம் திரும்பும் என்று அறியவொண்ணாத அவருடைய பந்துகள் பலரின் கவனத்தை ஈர்த்தன. அவ்வாண்டு இறுதியில் நடந்த ஏலத்தில் கிங்ஸ் லெவன் பஞ்சாப் என்று அக்காலத்தில் வழங்கிய அணி அவரை 8.4 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. 2019 மார்ச்சு மாதத்தில் கொல்கத்தாவின் ஈடன் தோட்ட மைதானத்திலே அவர் தம் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தில் இறங்கினார். முதல் ஓவரிலேயே கொல்கத்தா அணியின் சுனில் நரைன் அவரது பந்துகளை அடித்து நொறுக்கினார். அந்த ஓவரில் 25 ஓட்டங்கள் போயின. பின்னர் விரலிலே காயம் ஏற்பட்டது. பஞ்சாப் அணிக்காக அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம் மட்டுமே. அவ்வணி அவரை விடுவித்தது.

எந்த மைதானத்திலே அவர் அடிபட்டாரோ அந்த மைதானத்துக்கு உரிய கொல்கத்தா அணியே அவரை 4 கோடிக்கு வாங்கியது. 2020 ஆம் ஆண்டில் அவர் 13 ஆட்டங்களில் 17 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அபுதாபியிலே டெல்லி அணிக்கு எதிராக 20 ஓட்டங்களைக் கொடுத்து 5 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 2024 ஆம் ஆண்டில் கொல்கத்தா அணி வாகை சூடியபோது அவர் எடுத்த விக்கெட்டுகள் 21. 2025 இல் நடந்த சம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்காகத் துபாயிலே நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட்டுகளை எடுத்தார். முதல் ஓவரிலே அவரை அடித்து ஆடிய நரைனே பின்னர் மறுமுனையில் அவருக்குத் துணையாகப் பந்து வீசினார்.

இவ்வளவில் நின்றால், பஞ்சாப் அணியினர் கண்ணிருந்தும் காணாதவர், கொல்கத்தா அணியினர் மதிநுட்பம் மிக்கவர் என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் கதையின் மறுபாதியையும் கேட்கவேண்டும்.

குல்தீப் யாதவ், இடது கையின் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்து வீசும் அரிய வகையினர். கொல்கத்தா அணியிலேயே வளர்ந்தவர். 2018 ஆம் ஆண்டில் அவ்வணிக்காக 17 விக்கெட்டுகளை எடுத்தவர். 2019 இலே நிலைமை தலைகீழாயிற்று. பெங்களூர் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் அவருடைய 4 ஓவர்களில் 59 ஓட்டங்கள் எடுக்கப்பட்டன. களத்திலேயே அவர் கண்கலங்கியதைத் தொலைக்காட்சியிலே பார்த்தவர் பலர். அவ்வாண்டு 9 ஆட்டங்களில் 4 விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு 5 ஆட்டங்களில் 1 விக்கெட். 2021 இல் ஓர் ஆட்டத்திலும் இடமில்லை. பின்னர் முழங்காலிலும் காயம். அவ்வாண்டு இறுதியில் கொல்கத்தா அணி நிறுத்திக்கொண்ட நால்வருள் சுழற்பந்து வீச்சாளர் இருவர் இருந்தனர்: நரைன் ஒருவர், வருண் மற்றவர். குல்தீப்புக்கு இடமில்லாது போயிற்று.

டெல்லி அணி அவரை 2 கோடிக்கு வாங்கியது. 2022 ஆம் ஆண்டில் அவர் எடுத்தவை 21 விக்கெட்டுகள். கொல்கத்தா அணியை எதிர்த்து ஆடிய இரு ஆட்டங்களிலும் நான்கு நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார்; இரண்டாவது ஆட்டத்தில் அதற்காக அவர் கொடுத்த ஓட்டங்கள் 14 மாத்திரமே.

வருணைக் கண்டெடுத்த அணியும் குல்தீப்பைக் கைவிட்ட அணியும் ஒன்றே. ஒரே நிருவாகம் ஒருவரிடத்தில் மதிநுட்பமும் மற்றொருவரிடத்தில் குருட்டுத்தனமும் உடையதாக இருந்தது என்று சொல்லுதல் எளிது. ஆயினும் அது விளக்கமாகாது. உண்மையான காரணங்கள் வேறு. அவை மூன்று வகைப்படும்: இடமும் முறையும் என்பது ஒன்று, தற்செயல் என்பது மற்றொன்று, நம் நினைவின் போக்கு என்பது மூன்றாவது.

முதற் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. பந்துவீச்சு என்பது கையின் திறமை மாத்திரமன்று. வீசுவதற்கு முறை கிடைக்கவேண்டும். ஓர் ஆட்டம் ஆடி மூன்று ஆட்டம் வெளியே இருப்பவர், அடுத்த முறை களத்துக்கு வரும்போது ஒவ்வொரு பந்தையும் அஞ்சியே வீசுவார். அடிபட்டால் இடம் போய்விடும் என்ற எண்ணம் மணிக்கட்டிலே ஏறிவிட்டால் சுழற்பந்து சுழலாது. அடுத்த ஆட்டத்திலும் தமக்கு இடமுண்டு என்று அறிந்தவரோ, ஆறு ஓட்டங்கள் கொடுத்த பின்னும் பந்தை மேலே தூக்கி வீசத் துணிவார். குல்தீப் டெல்லியிலே பெற்றது இதுதான். ஆண்டு முழுவதும் 14 ஆட்டங்களில் அவர் இறங்கினார்.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இதற்கு ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. அவ்வாட்டத்திலே பந்தை எறிபவரே அணியின் உயிர்நாடி. நோலன் ரயன் என்ற இளைஞர் நியூயோர்க் மெட்ஸ் அணியிலே இருந்தார். அவரது பந்தின் வேகம் அளவிறந்தது. குறி தவறுவதும் அதிகம். அவ்வணியிலே புகழ்பெற்ற எறிவாளர் வேறு சிலரும் இருந்தமையால் ஓர் ஆட்டக்காரரைப் பெறும் பொருட்டு 1971 டிசெம்பரில் அவரையும் வேறு மூன்று இளைஞரையும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டனர். 1971 இல் அவர் எறிந்தது 152 இன்னிங்ஸ். புதிய அணியிலே 1972 இல் எறிந்தது 284 இன்னிங்ஸ். எறிந்து வெளியேற்றியவர் தொகை 137 இலிருந்து 329 ஆக உயர்ந்தது. குறி தவறும் குறை அப்பொழுதும் முற்றாக மறையவில்லை. அக்குறையோடும் அவரை ஏற்று, தவறாமல் முறை கொடுத்த அணி கிடைத்தது, அதுவே மாற்றம். 1993 இல் அவர் ஓய்வு பெற்றபோது அத்தொகை 5,714. அவ்வாட்டத்தின் வரலாற்றில் அதற்கு மேல் எவரும் எட்டியதில்லை.

முறையைப் போலவே இடமும் பெரியது. கரைவலை இழுப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வலை ஒன்றாக இருந்தாலும் ஒரு பாட்டிலே நிறையும் மடி, வேறொரு பாட்டிலே வெறுமையாக வரும். பெங்களூரின் சின்னசாமி மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருப்பது; எல்லைக் கோடும் கிட்டியது. அங்கே சற்றே பிழைத்த பந்தும் பார்வையாளர் நடுவே போய் விழும். சென்னைச் சேப்பாக்கத்திலோ பந்து மெல்ல எழுந்து திரும்பும். ஆகவே ஒருவரை ஒரு மைதானத்தில் வைத்து அளந்த அளவுகோல் மற்றொரு மைதானத்துக்குப் பொருந்தாது. இன்னுமொன்று: 2020 ஆம் ஆண்டுப் போட்டி கொள்ளைநோய் காரணமாக ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடந்தது, 2022 இல் முதற்சுற்று ஆட்டங்கள் யாவும் மும்பையிலும் புனேயிலுமே நடந்தன. வருண் சிறப்புற்ற ஆண்டும் குல்தீப் மீண்டெழுந்த ஆண்டும் இவையே. அணி மாறியதோடு களமும் மாறியது என்பதை வாதிப்போர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாம் காரணம் தற்செயல். இதனை ஏற்க மனித மனம் எளிதில் இசைவதில்லை. எனினும் கணக்குப் பார்த்தால் அதன் வலிமை புலப்படும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளர் அதிகம் வீசக்கூடியது 4 ஓவர். அதாவது 24 பந்துகள். முதற்சுற்றின் 14 ஆட்டங்களிலும் முழுமையாக வீசினாலும் 336 பந்துகளே. முத்தையா முரளிதரன் தம் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுக்க வீசியவை 44,039 பந்துகள். அத்தனை பந்துகள் வீசியவரைப் பற்றி ஐயமின்றி ஒரு முடிவுக்கு வரலாம். முந்நூறு பந்துகளை வைத்துக்கொண்டு ஒருவரின் திறமை இவ்வளவே என்று அறுதியிட முடியுமா? துடுப்பின் விளிம்பிலே பட்ட பந்து களத்தடுப்பாளரின் கைக்குப் போவதும், கைக்கு எட்டாமல் நான்கு ஓட்டங்களாவதும் அங்குல அளவில் முடிவாகும் செயல்கள். இத்தகைய ஐந்தாறு பந்துகள் ஒருவரின் ஓராண்டுப் பெயரையே மாற்றிவிடும்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பிறக்கின்றது. ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886 ஆம் ஆண்டில் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குறைந்த உயரமும், மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்றுக் கூடிய உயரமும் உடையோராக இருந்தனர். இரு முனைகளும் நடுவை நோக்கித் திரும்புகின்றன. வகுப்பறையிலும் இதனைக் காணலாம். ஒரு தவணைப் பரீட்சையில் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த புள்ளி பெற்ற மாணவன், அடுத்த தவணையில் எவரும் தண்டியாமலேயே பெரும்பாலும் சற்று உயர்வான். ஓர் அணி ஒருவரை எப்பொழுது விடுவிக்கின்றது? அவருடைய மிக மோசமான ஆண்டின் முடிவிலேதான். அவ்வாண்டின் மோசத்திலே ஒரு பகுதி தற்செயலாக இருக்குமாயின், அடுத்த ஆண்டு அவர் எங்கே இருந்தாலும் ஓரளவு மேம்படுவார். பழைய அணியிலே இருந்திருந்தாலும் மேம்பட்டிருப்பார். புதிய அணி அதற்குரிய புகழைத் தட்டிக்கொண்டு போகின்றது.

இவ்விதி மறுபக்கத்திலும் செல்லும் என்பதற்கு மோஹித் சர்மாவின் வாழ்க்கை சான்று. 2014 ஆம் ஆண்டில் சென்னை அணிக்காக 23 விக்கெட்டுகளை எடுத்து அவ்வாண்டில் முதலிடம் பெற்றவர் அவர். பின்னர் படிப்படியாக மறக்கப்பட்டு, 2022 இல் குஜராத் அணியின் பயிற்சிக் களத்திலே துடுப்பாட்ட வீரருக்குப் பந்து போடுபவராக இருந்தார். அடுத்த ஆண்டு அவ்வணி அவருக்கு இடம் கொடுத்தது; 14 ஆட்டங்களில் 27 விக்கெட்டுகள் எடுத்தார். 2023 இறுதியாட்டத்தின் கடைசி ஓவரைத் தம் பழைய சென்னை அணிக்கு எதிராகவே வீசினார். நான்கு பந்துகள் அருமையாக விழுந்தன. ஐந்தாவது பந்தை ஆறுக்கும் கடைசிப் பந்தை நான்குக்கும் அடித்து ரவீந்திர ஜடேஜா சென்னைக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். அதற்கடுத்த ஆண்டு டெல்லியிலே அதே மோஹித் 4 ஓவர்களில் 73 ஓட்டங்களைக் கொடுத்தார், ஐ.பி.எல். வரலாற்றிலே அதுவரை எவரும் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு கொடுத்ததில்லை. அவ்வாண்டுகளில் அவர் அணியும் மாறவில்லை, மனமும் மாறவில்லை. ஏற்றமும் இறக்கமும் பந்துவீச்சுத் தொழிலின் இயல்பிலேயே உள்ளவை.

மூன்றாம் காரணம் நம் நினைவின் போக்கு. செத்துப்போன மாடு குடம் குடமாய்ப் பால் கறந்ததாகப் பேசுவது ஊர் வழக்கம். அணியை விட்டுப் போனவருள் சிறப்புற்றவரையே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். சிறப்புறாதவர் எவருடைய பேச்சிலும் இடம்பெறுவதில்லை. 2024 நவம்பரில் ஜித்தா நகரிலே நடந்த பேரேலத்தில் 182 வீரர்கள் வாங்கப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை அடுத்த ஆண்டின் இறுதியிலே ஓர் இரசிகர் சொல்ல முடியும்? அவ்வேலத்தில் இலங்கையின் வனிந்து ஹசரங்கவும் மகீஷ் தீக்ஷனவும் ராஜஸ்தான் அணிக்குச் சென்றனர். இரு சுழற்பந்து வீச்சாளரும் ஒன்றுகூடியதால் அவ்வணி வெல்லற்கரியதாகும் என்று இங்கே பலர் மகிழ்ந்தனர். 2025 இல் அவ்வணி பத்து அணிகளுள் ஒன்பதாவதாக நின்றது. அவ்விருவரையும் விட்ட அணிகள் பிழை செய்தன என்றோ சரியாகச் செய்தன என்றோ எவரும் வாதிக்கவில்லை, பேச்சே எழவில்லை.

போனவரை எண்ணும் நாம், வந்தவரை எண்ண மறப்பதும் இதன் மற்றொரு கூறு. பெங்களூர் அணியில் எட்டாண்டுகள் இருந்த யுஸ்வேந்திர சஹால் 2022 இல் ராஜஸ்தான் அணிக்குச் சென்று 27 விக்கெட்டுகளை எடுத்து அவ்வாண்டின் முதல்வரானார். பெங்களூர் இரசிகர் பலர் இன்றும் அதனைச் சொல்லி வருந்துவர். அவருடைய இடத்துக்குப் பெங்களூர் அணி அவ்வாண்டு கொண்டுவந்தவர் நம் ஹசரங்க. அவர் எடுத்த விக்கெட்டுகள் 26. இழப்பு ஒரு விக்கெட்! முகமது சிராஜின் கதையும் இத்தகையதே. ஏழாண்டுகள் பெங்களூருக்காக வீசியவர், 2025 ஏப்ரலில் குஜராத் அணியின் உடையோடு அதே மைதானத்துக்கு வந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அன்றிரவு பெங்களூர் இரசிகர் பட்ட துயரம் பெரிது. ஆனால் பதினேழு ஆண்டுகளாகக் கிட்டாத கிண்ணத்தைப் பெங்களூர் அணி முதன்முறையாக வென்றது அதே ஆண்டின் ஜூன் மாதத்திலேதான்.

ஒருவர் நீங்கும்போது உண்டாகும் வெற்றிடம் மற்றொருவருக்கு வாயிலாவதும் உண்டு. 2010 இல் சென்னை அணி முதன்முறை வாகை சூடியபோது முரளிதரன் அவ்வணியில் இருந்தார். 2011 இல் அவர் கொச்சி அணிக்குச் சென்றார். சென்னையிலே முரளிக்குப் பின் யார் என்ற கவலை எழுந்தது. அவருடன் ஒரே அணியில் இருந்து பழகிய ரவிச்சந்திரன் அஷ்வின் அவ்வாண்டு 20 விக்கெட்டுகளை எடுத்தார். இறுதியாட்டத்தின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ஓட்டமின்றி ஆட்டமிழக்கச் செய்தார். கிண்ணம் மீண்டும் சென்னைக்கே வந்தது. முரளி நீங்கியமை நன்றென்று இதற்குப் பொருளன்று. போனவரின் கணக்கை மட்டும் எழுதி வந்தவரின் கணக்கை எழுதாத ஏடு சரியான ஏடாகாது என்பதே பொருள்.

அவ்வாறாயின் அணிகள் பிழையே செய்வதில்லையா? செய்கின்றன. ஓர் ஓவரைக் கண்டு ஒருவரைக் கைவிடுதல் பிழை. முறை கொடாமல் வைத்திருந்து, சோபிக்கவில்லை என்று சொல்லுதல் பிழை. ஆனால் பிழையைப் பின்னர் வந்த பயனைக் கொண்டு அளத்தல் முறையன்று. முடிவெடுத்த நாளிலே அவர்கள் அறிந்திருந்தவை எவை, அறிய முயன்றிருக்கக்கூடியவை எவை என்று கேட்கவேண்டும். குல்தீப்பைக் கொல்கத்தா விட்டபோது அவர் கால் காயம் ஆறிக்கொண்டிருந்தவர். நிறுத்திக்கொள்ளக்கூடியவர் நால்வர் மாத்திரமே. அன்றைய நிலையில் அம்முடிவுக்கு நியாயம் இருந்தது. ஒரே ஆட்டம் ஆடிய வருணைப் பஞ்சாப் விட்டதற்கு அத்துணை நியாயம் காண்டல் அரிது. அந்த 25 ஓட்டங்களைத் தவிர அவரைப் பற்றி அவ்வணி களத்திலே கண்டது மிகச் சிறிது. செயலுக்கு உரியவரை ஆராய்ந்து தெளிந்தபின் அச்செயலை அவரிடமே விட்டுவிடுக என்று வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்திலே அறிவுறுத்துகின்றார். ஆராய்தல் மாத்திரம் போதாது; விட்டுவிடுதலும் வேண்டும் என்பது அதன் நுட்பம்.

இவ்வாதத்திலே ஓர் இளைஞனின் வாழ்வு அடங்கியிருக்கின்றது என்பதை மறக்கலாகாது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலே எளிய குடும்பத்திற் பிறந்தவர் தங்கராசு நடராஜன். இருபது வயது வரையில் அவர் ஆடியது சாம்பல்தீவிலே ஆடப்படுவதைப் போன்ற மென்பந்து ஆட்டமே. 2015 இல் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றதும் அவருடைய வீச்சு முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. அதனைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். 2017 இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு அவரை வாங்கியது. 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகளே கிடைத்தன. அடுத்த ஆண்டு அவர் விலை 40 இலட்சம். முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த ஹைதராபாத் அணியிலே சேர்ந்து இரண்டாண்டுகள் ஓர் ஆட்டமும் ஆடாமல் காத்திருந்தார். 2020 இல் முறை வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். அவ்வாண்டு டிசெம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். அவருக்கு முன் இந்தியர் எவரும் அவ்வாறு அறிமுகமானதில்லை.

2017 இன் இறுதியிலே அவர் உதவாதவர் என்று சொன்னவர்களிடம் கணக்கு இருந்தது: 6 ஆட்டம், 2 விக்கெட். கணக்குச் சரியானதே. முடிவுதான் அவசரமானது. 2025 இல் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்து அவரை வாங்கியும் அவ்வாண்டு களத்திலே அவருக்குக் கிடைத்த வாய்ப்பு மிகச் சொற்பம். அதனைக் கண்டு அவர் காலம் முடிந்தது என்போரும் அதே அவசரத்தைத்தான் காட்டுகின்றனர். இதற்கிடையில் அவர் 2023 ஆம் ஆண்டில் தம் சொந்த ஊரிலேயே இளைஞர் ஆடுவதற்கு ஒரு மைதானத்தை அமைத்துக் கொடுத்தார். பிரிந்து சென்றவர் திரும்பவும் கொடுப்பவராகின்றார்.

ஐ.பி.எல். அணிகளின் முடிவுகளைச் சாம்பல்தீவிலே இருந்து எவரும் மாற்ற முடியாது. ஆயினும் மாலைதோறும் அங்கே ஆடும் அணிகளிலும் இதே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஓர் ஓவர் கொடுக்கப்படுகின்றது; மூன்று ஆறுகள் போகின்றன; அடுத்த வாரம் முதல் அவன் எல்லைக்கோட்டிலே நின்று பந்து பொறுக்குபவனாகின்றான். பின்னர் அவன் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வேறோர் அணியிலே சேர்ந்து விக்கெட்டுகளை எடுத்தால், ஊரை விட்டுப் போய்விட்டான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிடுவோரும் உளர். பாடசாலையிலும், தொழிலிலும், குடும்பத்திலும் இவ்வாறு ஓர் ஓவரிலே அளந்து ஒதுக்கப்பட்டவர் எத்துணையோ பேர்.

இரசிகர் வாதிப்பதை நிறுத்தவேண்டியதில்லை. வாதம் ஆட்டத்தின் இன்பத்தில் ஒரு பகுதி. ஆனால் ஒருவரைப் பற்றி முடிவு சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவருக்கு எத்தனை முறை கொடுத்தோம்? அவர் வீசிய களம் எத்தகையது? அவரைப் போலவே பிரிந்து சென்று பேசப்படாமற் போனவர் எத்தனை பேர்? இவற்றுக்கு விடை கண்டபின் எஞ்சும் குற்றம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். முதல் ஓவரில் அடிபட்ட சிறுவனிடம் அடுத்த நாள் மாலையிலும் பந்தைக் கொடுத்தால், அவன் வேறோர் ஊரிலே சென்று சிறக்கவேண்டிய தேவையே சில வேளைகளில் இல்லாமற் போகலாம். அப்படியும் அவன் சென்று சிறப்பானாயின், அந்தச் செய்தியை ஊரார் மகிழ்ச்சியோடு கேட்கலாம்.